இயற்கைப் பேரிடரில் வீடிழந்தோருக்கான அரசு வீட்டுதவி (தமிழ்நாடு)

இயற்கைப் பேரிடரில் வீடிழந்தோருக்கான அரசு வீட்டுதவி என்பது புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, நிலநடுக்கம், நிலச்சரிவு முதலியவற்றால் வீட்டை இழந்தவர்களுக்கும், இருந்த இடத்தில் தொடர்ந்து வாழ முடியாமல் இடம்பெயர்ந்தவர்களுக்கும் அரசு வழங்கும் பண உதவி, தற்காலிகக் குடியிருப்பு, வீட்டுமனை, நிரந்தர வீடு ஆகியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இவ்வுதவியை வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை முன்னின்று வழங்குகிறது. ஊரக வளர்ச்சித் துறையும், முன்னர் குடிசை மாற்று வாரியம் என வழங்கிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் வீடு கட்டும் பணியில் பங்கேற்கின்றன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கடலோர மாவட்டங்களில் நடைபெற்ற மறுகட்டுமானமே மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுதவிப் பணியாகும்.

வீட்டுதவி என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு செயல்கள் வழங்கி வருகின்றன. ஒன்று, சேதத்திற்கு ஈடாகச் சில நாட்களில் அல்லது வாரங்களில் தரப்படும் நிவாரணத் தொகை. மற்றொன்று, புதிய வீடு கட்டித் தரும் அல்லது கட்டிக்கொள்ள நிதி தரும் மறுவாழ்வுத் திட்டம். முதலாவதைப் பெற்றவர் இரண்டாவதைப் பெறுவார் என்பதற்கு உறுதியில்லை. இரண்டிலும் உதவி யாருக்குக் கிடைக்கிறது என்பதை வீடு எவ்வளவு சேதமடைந்தது என்பதைக் காட்டிலும், வீடு நின்ற மனை யாருடையது என்ற கேள்வியே பல நேரங்களில் முடிவு செய்கிறது.

எது இயற்கைப் பேரிடர்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி வழங்குவதற்கு இந்திய அரசு ஒரு பட்டியலை வைத்துள்ளது. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி மற்றும் குளிரலை ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்கு அப்பால், தத்தம் பகுதிக்குரிய பேரிடர்களை மாநிலங்கள் அறிவித்துக்கொள்ளவும் ஓரளவு இடமுண்டு.

பட்டியலில் தீ இருந்தாலும் தொழிற்சாலை வெடிவிபத்துகள் நடைமுறையில் வேறு வழியிலேயே கையாளப்படுகின்றன. இவ்வேறுபாட்டை விருதுநகர் மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம். சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பெப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களின் குடும்பங்களுக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து 2 இலட்சம் ரூபாயும், மாநில அரசின் சார்பில் 3 இலட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்நிகழ்வைத் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தோர் குடும்பங்களுக்கு இழப்பீட்டை நிர்ணயித்தது. இவை யாவும் உயிரிழப்புக்கும் காயத்துக்குமான ஈடுகள். இவற்றின் அடிப்படை முதலாளியின் பொறுப்பும் சுற்றுச்சூழல் சட்டமும் ஆகும். அதே ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மண்சுவர் வீடு விழுந்தால் அது வருவாய்த் துறையின் பேரிடர்க் கணக்கில் சேரும். ஆகவே இழப்பு எதனால் வந்தது என்பதைப் பொறுத்து, ஒரே தெருவில் இருப்பவர்கள் வெவ்வேறு அலுவலகங்களின் படியேற வேண்டியுள்ளது.

சட்டமும் நிதியும்

2005 திசம்பரில் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டமே இன்றைய அமைப்பின் அடிப்படையாகும். ஆழிப்பேரலை நிகழ்ந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து இச்சட்டம் வந்தது. இதன் 12 ஆம் பிரிவு, நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரத்துக்கான வழிகாட்டுதல்களைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றோடு, கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்குமான தனி ஏற்பாடுகளும், உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்குமான கருணைத்தொகையும் இதில் குறிப்பிடப்படுகின்றன. 'கருணைத்தொகை' என்ற சொல் கவனிக்கத்தக்கது. இழந்த வீட்டின் மதிப்பை ஈடுசெய்யும் கடமையை அரசு இதன்வழி ஏற்கவில்லை. அரசு தருவது முன்கூட்டியே வரையறுத்த ஒரு தொகை மட்டுமே.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் தமிழ்நாடு போன்ற பொதுவகை மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 விழுக்காடும், மாநில அரசு 25 விழுக்காடும் செலுத்துகின்றன. இமயமலை மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் இவ்விகிதம் 90:10 ஆகும். பேரிடர் கடுமையானது எனக் கருதப்பட்டால் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கூடுதல் தொகை கோரலாம். மத்தியக் குழு வந்து பார்வையிட்டுச் செல்வது இக்கோரிக்கையை ஒட்டியே. கோரிய தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் இடையிலான வேறுபாடு ஒவ்வொரு புயலுக்குப் பின்னரும் அரசியல் விவாதமாவது வழக்கம். பதினைந்தாவது நிதிக்குழு, உடனடி நிவாரணத்திலிருந்து மீட்பையும் மறுகட்டுமானத்தையும் பிரித்து அவற்றுக்கெனத் தனி ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. அதற்கு முன்னர் நிரந்தர வீடு கட்டுவதற்கான பணத்தை நிவாரணக் கணக்குக்கு வெளியே, வீட்டுவசதித் திட்டங்களிலிருந்தோ வெளிநாட்டுக் கடனிலிருந்தோ திரட்ட வேண்டியிருந்தது.

உதவித்தொகையின் அளவு

நிவாரணத் தொகையின் அளவை மத்திய உள்துறை அமைச்சகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. 2015 முதல் நடைமுறையிலிருந்த அளவின்படி, சமவெளியில் முழுவதும் சேதமடைந்த வீட்டிற்கு 95,100 ரூபாயும், மலைப்பகுதியில் 1,01,900 ரூபாயும் வழங்கப்பட்டன. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு இவை முறையே 1,20,000 ரூபாயாகவும் 1,30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. குறைந்தது 15 விழுக்காடு சேதமடைந்த உறுதியான வீட்டிற்கு 6,500 ரூபாய். அதே அளவு சேதமடைந்த உறுதியற்ற வீட்டிற்கு 4,000 ரூபாய். அழிந்த குடிசைக்கு 8,000 ரூபாய். வீட்டோடு இணைந்த மாட்டுக்கொட்டகைக்கு 3,000 ரூபாய். வீடு அடித்துச் செல்லப்பட்ட அல்லது இரண்டு நாட்களுக்கு மேல் நீரில் மூழ்கிய குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500 ரூபாயும் பாத்திரங்களுக்கு 2,500 ரூபாயும் தனியே உண்டு.

வீடு என்பதற்கும் குடிசை என்பதற்கும் இடையில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு இருப்பதால், எதைக் குடிசை என்பது என்னும் கேள்வி மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது. கூரை, மண், நெகிழித்தாள் முதலியவற்றால் ஆனதும், உறுதியற்ற வீட்டைக் காட்டிலும் தரம் தாழ்ந்ததும், மாநில அல்லது மாவட்ட அதிகாரிகளால் வழக்கமாகக் குடிசை என அறியப்படுவதுமான தற்காலிக அமைப்பே குடிசை என இவ்விதிகள் கூறுகின்றன. சுருங்கச் சொன்னால், அதிகாரி எதைக் குடிசை என்கிறாரோ அதுவே குடிசை. மண்சுவர் எழுப்பிப் பனையோலை வேய்ந்து முப்பது ஆண்டு வாழ்ந்த வீடும், தார்ப்பாய் கட்டிய பந்தலும் ஒரே வரிசையில் எழுதப்பட இது இடம் தருகிறது.

இவ்விதிகளில் மற்றொரு குறிப்பும் உள்ளது. சேதமடைந்த வீடு, உரிய அலுவலரால் சான்றளிக்கப்பட்ட அனுமதி பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும் என்பதே அது. ஆற்றங்கரை, ஏரிக்கரை, கடற்கரைப் புறம்போக்கு ஆகிய இடங்களில் வாழ்வோரே வெள்ளத்திலும் புயலிலும் முதலில் வீடிழப்பவர்கள். அவர்களில் பலரிடம் பட்டா இல்லை. விதியை எழுத்துப்படி பின்பற்றினால் உதவி மிகத் தேவைப்படுவோர் பட்டியலுக்கு வெளியே நிற்பர். இதனால் தமிழ்நாடு அரசு ஒவ்வொரு பேரிடரின்போதும் தனி அறிவிப்பின் மூலம் குடிசைகளுக்குக் கூடுதல் தொகை வழங்கி வந்துள்ளது. 2015 வெள்ளத்தின்போது குடிசையை இழந்தோருக்கு 10,000 ரூபாய், 10 கிலோ அரிசி, வேட்டி, சேலை அறிவிக்கப்பட்டன. 2023 இல் மிக்ஞாம் புயலின்போது குடிசைக்கான தொகை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக்கப்பட்டது. 2024 இல் பெஞ்சல் புயலின்போது 10,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது.

சேதக் கணக்கெடுப்பு

வீடு விழுந்தவுடன் முதலில் வருபவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் நேரில் பார்த்து, ஒளிப்படம் எடுத்து, குடும்ப அட்டை விவரத்தையும் சேதத்தின் வகையையும் குறித்து அறிக்கை அனுப்புகிறார். வருவாய் ஆய்வாளர் அதைச் சரிபார்க்க, வட்டாட்சியர் தொகைக்கு ஒப்புதல் அளிக்கிறார். பின்னர் தொகை வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். சிறு அளவில் வீடு விழும் ஆண்டுகளில் இம்முறை சீராகவே நடைபெறுகிறது. ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நாளில் விழும்போது மற்ற வட்டங்களிலிருந்து அலுவலர்கள் வரவழைக்கப்படுவதால், ஊர் தெரியாத ஒருவர் ஒரே பார்வையில் வகை பிரிக்க நேர்கிறது. பட்டியலில் பெயர் விடுபட்டதாகச் சாலை மறியல்கள் நடப்பது இக்கட்டத்தில்தான்.

விருதுநகர் மாவட்டம் போன்ற வறண்ட பகுதிகளில் வீடிழப்பு பெரும்பாலும் சிதறிய நிகழ்வாகவே இருக்கிறது. சாத்தூர் வட்டாரம் கரிசல் மண் பூமி. இம்மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிப்பதால் அடித்தளம் அசைகிறது. மண்சுவர் மழையின்போதே விழுவதில்லை. நீர் ஊறி, மழை நின்று ஓரிரு நாள் கழித்து விழுவதும் உண்டு. வெள்ளமோ புயலோ இல்லாத நாளில் விழுந்த சுவரை எந்தப் பேரிடரின் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி அப்போது எழுகிறது. ஒரு ஊரில் இரண்டு வீடு விழுந்தால் அமைச்சர் வருவதில்லை, தொண்டு நிறுவனம் வருவதில்லை. அங்கே விதியில் எழுதிய தொகைதான் முழு உதவியும்.

வீட்டு உரிமையாளருக்கே தொகை என்பதால் வாடகைக்கு இருந்தோருக்குத் துணிமணி, பாத்திரங்களுக்கான தொகைக்கு மேல் எதுவும் கிடைப்பது அரிது. ஒரே கூரையின் கீழ் இரண்டு, மூன்று குடும்பங்கள் வாழ்ந்திருந்தாலும் கணக்கில் அது ஒரே வீடு.

2004 ஆழிப்பேரலையும் மறுகட்டுமானமும்

தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் பேரழிவு புதிதன்று. 1964 திசம்பர் 22-23 இரவில் வீசிய புயலால் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. அரசு அதனை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அறிவித்தது. நகரம் திரும்பக் கட்டப்படவில்லை.

2004 திசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 6,000 க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் முதலிய மீனவர் குடியிருப்புகள் மிகுந்த இழப்புக்கு உள்ளாயின.

பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் தங்கியிருந்த குடும்பங்கள் சில வாரங்களில் தற்காலிகக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. இவற்றுள் பல தார் அட்டையால் அமைக்கப்பட்டவை. பங்குனி, சித்திரை வெயிலில் இவற்றுக்குள் பகலில் இருக்க முடியவில்லை. பின்னர் மேலே கீற்று வேய்ந்தும், தரையைச் செப்பனிட்டும் இவை திருத்தப்பட்டன. சில மாதங்களுக்கு என அமைக்கப்பட்ட இக்கொட்டகைகளில் பலர் ஓராண்டுக்கும் மேலாக வாழ நேர்ந்தது.

நிரந்தர வீடுகளுக்கான கொள்கையை 2005 மார்ச்சு 30 அன்று வருவாய்த் துறை வெளியிட்ட 172 ஆம் எண் அரசாணை வகுத்தது. இதன்படி, சராசரியாக ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்பில் 325 சதுர அடி வரையிலான வீடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழங்கப்படும். புதிய இடத்தில் ஊரகப் பகுதியில் 3 சென்டும், நகர்ப்பகுதியில் ஒன்றரை சென்டும் மனை இலவசமாக அளிக்கப்படும். வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்படும். அதனை விற்பதற்குத் தடை உண்டு. பத்தாண்டுக் காப்பீடும் வீட்டோடு சேர்த்து அளிக்கப்படும். மனைவியின் பெயரையும் சேர்த்தது அக்காலத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். கடலோரச் சிற்றூர்களில் பல பெண்களுக்குத் தம் பெயரில் அமைந்த முதல் சொத்து ஆவணம் இதுவே எனலாம்.

இவ்வரசாணையின் மையம் 200 மீட்டர் கோடு ஆகும். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் விதி, 1991 பெப்ரவரி 19 அன்று வெளியான கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிப்பிலேயே இருந்தது. எனினும் மீனவக் குப்பங்களில் அது பெரிதும் உணரப்படவில்லை. 172 ஆம் எண் அரசாணை, 200 மீட்டருக்குள் வாழ்ந்தோரை வெளியேறும்படி கட்டாயப்படுத்தவில்லை, தேர்வு அளித்தது. அப்பால் சென்றால் இலவச மனையும் வீடும் கிடைக்கும். செல்ல விரும்பாதோர் இருந்த இடத்திலேயே வீட்டைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு அரசு உதவி கிடையாது. புதிய வீட்டைப் பெறுவோர் பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு ஒப்படைக்க வேண்டும். வீட்டை முழுவதும் இழந்தவருக்கு இதில் தேர்வு என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை.

மீனவர் கடலருகே வாழ்வது வெறும் பழக்கத்தால் அன்று. காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் கரையில் நின்று பார்த்தே கடலுக்குச் செல்வதை முடிவு செய்கின்றனர். மரமும் வலையும் கண்ணெதிரே இருக்க வேண்டும். படகு கரை சேர்ந்தவுடன் மீனை ஏலத்தில் எடுக்கும் பெண்களுக்கு அரைக் கிலோமீட்டர் தொலைவும் பெருந்தொலைவே. இவற்றோடு, தாம் விட்டுச்செல்லும் கடற்கரை விடுதிகளுக்கும் பிற தொழில்களுக்கும் போய்விடும் என்ற ஐயமும் இருந்தது. மறுபுறம், அலையில் குழந்தைகளைப் பறிகொடுத்த பல குடும்பங்கள் கடலைப் பார்த்து உறங்க அஞ்சி, தாமாகவே உள்ளே செல்ல விரும்பின என்பதையும் கூற வேண்டும். ஒரே ஊருக்குள் இரு கருத்தும் இருந்தன. ஊர்ப் பஞ்சாயத்துகள் கூடி ஊர் முழுவதையும் சேர்த்து நகர்த்துவதா, வேண்டாமா என முடிவெடுத்த இடங்களும் உண்டு.

வீடுகளைக் கட்டும் பணி பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, குறைந்தது 50 வீடுகளைக் கட்டும் வலுவுள்ள நிறுவனங்கள் ஊர்களைப் பொறுப்பேற்றன. நாகப்பட்டினத்தில் 2005 தொடக்கத்தில் அமைந்த ஒருங்கிணைப்பு மையம், எந்த ஊருக்கு யார் என்பதில் ஏற்பட்ட குழப்பத்தைக் குறைக்க உதவியது. நிறுவனங்கள் ஏற்காத ஊர்களில் அரசே கட்டியது. 2005 மே மாதம் உலக வங்கி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக 46.5 கோடி அமெரிக்க டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த சில ஆண்டுகளில் 50,000 க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. எண்ணிக்கையைப் பொறுத்தவரை இது இந்திய அளவில் சிறந்த சாதனைகளுள் ஒன்று.

தரமும் பொருத்தமும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் கட்டிய வீடுகளில், வீட்டின் அமைப்பைக் குடும்பங்களோடு கலந்து பேசி முடிவு செய்தது. (இவ்வூர்கள் 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளன.) வேறு பல இடங்களில் ஒரே வரைபடத்தில் ஒப்பந்ததாரர்கள் வரிசையாகக் கட்டிச் சென்றனர். மனைக்காக வாங்கப்பட்ட நிலம் சில ஊர்களில் தாழ்வான வயலாக இருந்ததால் மழைக்காலத்தில் நீர் தேங்கியது. நேர்க்கோட்டில் தெருக்களை அமைக்கும் பொருட்டுத் தென்னையும் வேம்பும் பூவரசும் வெட்டப்பட்ட இடங்களும் உண்டு. நிழலில்லாத மணலில் கான்கிரீட் கூரை கொதித்தது. வீட்டுக்கு முன்னால் கீற்றுக்கொட்டகை போட்டுக்கொண்டு பகலெல்லாம் அதிலேயே இருப்பது வழக்கமாயிற்று. சேதமடையாத நல்ல வீடுகளும், புதிய வீடு வேண்டுமானால் பழையதை ஒப்படைக்க வேண்டும் என்ற விதியால் கைவிடப்பட்டன.

இதனோடு குசராத்து மாநிலத்தை ஒப்பிடுவது வழக்கம். 2001 சனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பின்னர் அங்கே பெரும்பாலான வீடுகளை உரிமையாளர்களே கட்டினர். அரசு தவணை தவணையாக நிதியளித்து, நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமான முறையைப் பொறியாளர்கள் மூலம் கண்காணித்தது. பெரும்பாலோர் பழைய இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டனர். ஆனால் அங்கு மனை உரிமையாளரிடம் இருந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் மனையே கேள்விக்குள்ளானதால் அம்முறையை அப்படியே கொண்டுவருவது எளிதாக இருந்திராது.

மீனவர் அல்லாதோரின் நிலை நெடுநாள் கவனிக்கப்படவில்லை. கடலோர ஊர்களில் வாழ்ந்த தலித் விவசாயக் கூலித் தொழிலாளர்கள், உப்பளத் தொழிலாளர்கள் ஆகியோரின் வீடுகள் கடலிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தன. அவர்களுக்கு உயிரிழப்பும் வீட்டுச் சேதமும் குறைவு. ஆயினும் நிலத்தில் உப்புநீர் புகுந்ததால் வேலை போயிற்று. முதற்கட்ட வீட்டுப் பட்டியல் மீனவர் ஊர்களை மையமாகக் கொண்டு அமைந்தது. சேதமடையாவிட்டாலும் ஆபத்துக்குள்ளாகக்கூடிய குடிசைகளுக்குப் பதிலாக வீடு கட்டும் பிற்காலத் திட்டங்களிலேயே இவர்களுள் பலர் இடம்பெற்றனர்.

சென்னை

சென்னையில் மனை கிடைக்காத காரணத்தால் அடுக்குமாடிக் குடியிருப்புகளே தீர்வாகக் கொள்ளப்பட்டன. ஆழிப்பேரலையில் வீடிழந்த சென்னைக் கடற்கரைக் குடும்பங்களுள் ஒரு பகுதியினர் எர்ணாவூரிலும், மற்றொரு பகுதியினர் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டனர். பட்டினப்பாக்கம் கடற்கரையிலிருந்து செம்மஞ்சேரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். விடியலுக்கு முன் கடலுக்குச் செல்ல வேண்டிய ஒருவருக்கு அந்நேரத்தில் பேருந்து இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டும், வாடகைக்கு விட்டும் பலர் பழைய இடத்துக்கே திரும்பியது இதனால்தான்.

2015 திசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் பெருக்கெடுத்த வெள்ளத்துக்குப் பின்னர், ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் ஒக்கியம் துரைப்பாக்கம் எழில் நகருக்கும் மாற்றப்பட்டன. பள்ளிகள் இயங்கிக்கொண்டிருந்த கல்வியாண்டின் நடுவில் இம்மாற்றம் நடந்தது. வீட்டு வேலை, கட்டட வேலை செய்த பெண்களுக்கு முன்பு நடந்து செல்லும் தொலைவிலிருந்த வேலை இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவுக்குப் போயிற்று. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையொட்டிய தாழ்ந்த பகுதிகளாகும். வெள்ளத்திலிருந்து காக்க என ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் புதிய தெருக்களிலும் பெருமழையின்போது நீர் தேங்குகிறது.

பிற்காலப் பேரிடர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கசா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையையும் குடிசைகளையும் பெருமளவில் அழித்தது. முழுவதும் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவிக்கப்பட்டதோடு, குடிசைவாசிகளுக்கு ஒரு இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித் தரப்படும் என்றும் கூறப்பட்டது. இங்கே மனைச் சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. காவிரிப் படுகையில் கோயில், மடங்களின் நிலத்தில் தலைமுறைகளாகக் குடியிருப்போர் மிகுதி. அவர்கள் அடிமனைக்கு வாடகை செலுத்துவோரே அன்றி உரிமையாளர் அல்லர். கான்கிரீட் வீட்டுத் திட்டங்கள் சொந்த மனையையோ பட்டாவையோ எதிர்பார்க்கின்றன. எனவே விழுந்த குடிசையின் இடத்தில் மீண்டும் கீற்றுக்குடிசையே எழுந்த ஊர்கள் பல.

2023 திசம்பர் 17, 18 நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த மழை வரலாறு காணாதது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வீடுகளை வீழ்த்தியது. இம்முறை மாநில அரசு மத்திய விதியின் அளவைக் கடந்து, புதிதாகக் கட்ட வேண்டிய வீட்டிற்கு 4 இலட்சம் ரூபாய் வரையிலும், பழுதுபார்க்க 2 இலட்சம் ரூபாய் வரையிலும் அளிக்கும் திட்டத்தை அறிவித்தது. நிவாரணத் தொகைக்கும் உண்மையான கட்டுமானச் செலவுக்கும் இடையிலான இடைவெளியை அரசே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

2024 இல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், ஊரகக் குடிசைகளுக்குப் பதிலாக மூன்றரை இலட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்ட உதவுகிறது. இது பேரிடர்த் திட்டம் அன்று. எனினும் பெஞ்சல் புயலில் குடிசையை முழுவதும் இழந்தோருக்கு இதில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் ஊரகப் பிரிவிலும், அதற்கு முந்தைய இந்திரா வீட்டுவசதித் திட்டத்திலும் நிதியில் 5 விழுக்காடு பேரிடர் போன்ற சிறப்புத் தேவைகளுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டது. அதே பெஞ்சல் புயலின்போது, 2024 திசம்பர் 1 அன்று, திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த வீடு மண்ணில் புதைந்து ஏழு பேர் இறந்தனர். இத்தகைய சரிவுகளில் வாழ்வோரைப் பேரிடருக்கு முன்னரே இடம் மாற்றுவதற்குத் தனியானதொரு வீட்டுதவி விதி இல்லை. வீடு விழுந்த பின்னரே தொகை.

மலைத்தோட்டங்களில் தமிழர்

வீடும் மனையும் தொழிலாளிக்குச் சொந்தமில்லாத இடம் தேயிலைத் தோட்டம். அங்கே குடும்பங்கள் நிறுவனத்தின் லயங்களில் வாழ்கின்றன. வேலை இருக்கும் வரையே வீடு. 2020 ஆகத்து 6 இரவில் கேரளத்தின் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள் மீது மண் சரிந்து 70 பேர் மாண்டனர். இவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர். பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்கு குற்றியாறு பள்ளத்தாக்கில் கேரள அரசு மனை அளிக்க, தோட்ட நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. 2024 சூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை அழித்த நிலச்சரிவுக்குப் பின்னர், கல்பற்றாவில் எல்சுட்டன் தோட்ட நிலத்தை எடுத்து நகரியம் அமைக்கும் பணி 2025 மார்ச்சில் தொடங்கப்பட்டது. குடும்பத்துக்கு 7 சென்டு மனையும் 1,000 சதுர அடி வீடும் என்பது திட்டம். அங்கு குடியேற விரும்பாதோர் 15 இலட்சம் ரூபாய் பெற்றுக்கொள்ளலாம்.

இலங்கையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் எனக் கடலோரத் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. ஒரே நாட்டில் இரு அளவுகள் ஏன் என்ற கேள்வி, போரால் ஏற்கெனவே இடம்பெயர்ந்திருந்த தமிழ், முசுலிம் மக்களிடையே எழுந்தது. நிலம் கிடைக்காத நிலையில் இவ்வலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. வலயத்துக்கு வெளியே சொந்த மனை உள்ளோர், முழுச் சேதத்துக்கு 2,50,000 இலங்கை ரூபாயைத் தவணைகளில் பெற்றுத் தாமே வீடு கட்டிக்கொண்டனர்.

2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொசுலாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசியக் கட்டட ஆய்வு நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆனால் வெளியேறிச் செல்ல அத்தொழிலாளர்களுக்கு மனை இருக்கவில்லை. மக்கல்தெனியா தோட்டத்தில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 இல் கையளிக்கப்பட்டன.